நாற்காலிக்கு ஒரு வணக்கம்

எங்கள் வரலாற்று ஆசிரியர் எனக்குச் சபாநாயகர் பதவியைக் கொடுத்ததற்கு ஒரே காரணம், அதில் பேச்சு குறைவு என்பதுதான். நான் ஊகித்துச் சொல்லவில்லை. அவரே வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

“பிரதமருக்கு நாலு பக்கம் இருக்கு. எதிர்க்கட்சித் தலைவருக்கு மூணு பக்கம். சபாநாயகர் சும்மா உக்காந்து ‘அமைதி, அமைதி’ன்னு சொன்னா போதும். உன்னால முடியும்ல?”

அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த கார்த்திகை மாதம். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் போகிற வழியில் இருக்கும் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அரசியலமைப்பு நாள் விழாவுக்கு மாதிரி நாடாளுமன்றம் நடத்தப் போவதாக அறிவித்திருந்தார்கள். எனக்கு ஏதாவது ஒரு பதவி கொடுத்தே ஆகவேண்டும் என்பது ஆசிரியருக்குத் தெரியும். கொடுக்காவிட்டால் ஏன் என்று கேட்பேன். பதில் சொன்னால் அந்தப் பதிலுக்கு ஏன் என்று கேட்பேன். நான் அப்படித்தான், வகுப்பில் பலருக்கும் என்னைப் பிடிக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் நான் இருக்கும் தெரு. எங்கள் ஊரில் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் கோயிலும் பெரிய தெருவும். பள்ளிக்கு வரும் பஸ்ஸில் எல்லோரும் ஒன்றாகத்தான் நசுங்கி வருவோம். ஆனால் பதவிகளை அறிவித்தபோது அமைச்சரவை அப்படியே பெரிய தெருவிலிருந்து வந்து இறங்கியது. பிரதமர், எங்கள் பள்ளி அரங்கத்தின் சலவைக்கல்லில் எவருடைய தாத்தாவின் பெயர் பொறித்திருக்கிறதோ அந்த வீட்டுப் பையன். நிதி அமைச்சர் அவன் பெஞ்சுக்காரன். வேளாண்மை அமைச்சர் அவன் சொந்தக்காரன். வயலில் கால் வைத்தால் சேறு ஒட்டும் என்பதைக் கேள்விப்பட்டிருப்பானோ என்னவோ. எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கடைசி வரிசையில் உட்கார்ந்து மேசை தட்டும் வேலை. என் தோழி ஒருத்தி ஆளும்கட்சி உறுப்பினர். அவளுக்கு மொத்தம் ஒரு வசனம்: “ஆம், ஆம்.”

“நல்லா தட்டணும்டி. மேசை உடையணும்” என்றேன்.

“உடைஞ்சா எங்கப்பாவைத்தான் கூப்புடுவாங்க” என்றாள். அவள் அப்பா தச்சர்.

அந்த வாரம் முழுவதும் அம்மாவின் கைப்பேசியில் நாடாளுமன்ற நேரலைகளைத் தேடிப் பார்த்தேன். அம்மா கிராம சுகாதாரச் செவிலியர். மாலை வீடு திரும்பி, கர்ப்பிணிகளின் விவரங்களைப் பதிவேற்றி முடித்தபிறகுதான் கைப்பேசி என் கைக்கு வரும். பேச்சுகளைவிட, கூச்சலைவிட, வேறொன்று என்னைப் பிடித்துக்கொண்டது. உறுப்பினர்கள் வாசலில் நுழைகிறார்கள். நுழைந்ததும் நிற்கிறார்கள். சபாநாயகரின் நாற்காலியைப் பார்த்துத் தலை குனிகிறார்கள். பிறகுதான் தங்கள் இடத்துக்குப் போகிறார்கள். எழுந்து வெளியே போகும்போதும் அப்படியே. பிரதமராக இருந்தாலும், நேற்று ஜெயித்து வந்த ஆளாக இருந்தாலும் குனிந்தே ஆகவேண்டும். நான்கைந்து முறை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் முதல் வேலையாக ஆசிரியரிடம் ஓடினேன். “சார், உறுப்பினர்கள் உள்ள வரும்போது சபாநாயகரை வணங்கணும் சார். அதுதான் மரபு. ஆளுக்கில்ல, நாற்காலிக்குத்தான் மரியாதை. நம்ம நாடகத்துல அது இல்ல.”

அவர் உற்சாகமான மனிதர். எதுவும் அசல் மாதிரி இருக்கவேண்டும் என்பதில் பித்து. போன வருடம் வேறொரு பள்ளியில் அமைச்சர்கள் செருப்பில்லாமல் வந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பவர். “அப்படியா? பிரமாதம்! சேத்துக்குவோம். தலைமை விருந்தினர் அசந்துருவாரு” என்றார். யார் எவரை வணங்கப் போகிறார்கள் என்று அந்த நிமிடத்தில் அவருக்குத் தோன்றவே இல்லை. சபாநாயகர் என்றால் பேச்சு குறைந்த பதவி என்பதோடு அவருடைய கணக்கு முடிந்திருந்தது.

முதல் ஒத்திகை சிரிப்பாகப் போனது. நான் மேடைமேல் ஆசிரியரின் கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பிரதமர் நுழைந்தான். தரையைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு, “தாயே, மகமாயி!” என்றான். அமைச்சரவை விழுந்து விழுந்து சிரித்தது.

“மாண்புமிகு பிரதமர் கோயிலுக்கு வழி மாறி வந்துட்டாருன்னு நினைக்கிறேன். அவைக்காவலர் அவரை வெளிய கொண்டுபோய் விடவும்” என்றேன்.

இப்போது கடைசி வரிசை சிரித்தது. என் தோழி மேசையைத் தட்டினாள். அவன் முகம் சுருங்கியது. போய்த் திரும்பி வந்து, ஒழுங்காக ஒரு முறை தலையைக் குனிந்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். அன்றைக்கு அவ்வளவுதான்.

அந்தக் குனிவு பஸ் ஏறி எங்கள் ஊருக்குப் போய்விட்டது. பெரிய தெருவில் யாரோ அவனுடைய சித்தப்பாவிடம் கேட்டார்களாம், “என்னங்க, உங்க வூட்டுப் புள்ள வாய்க்காலுக்கு அந்தாண்ட இருக்கற பொண்ணுக்கு தெனமும் கும்புடு போடறானாமே?” சித்தப்பா பள்ளிக் குழுவிலும் இருக்கிறார். மறுநாள் ஒத்திகையில் பிரதமர் வாசலில் நிற்கவில்லை, குனியவில்லை, நேராக வந்து உட்கார்ந்தான். அவன் பின்னால் வந்த அமைச்சர்களும் அப்படியே.

“சார், வணக்கம்?” என்றேன்.

“டைம் ஆவுது, கேள்வி நேரத்துக்குப் போலாம்” என்றான் நிதி அமைச்சர்.

ஆசிரியர் என்னைப் பார்க்காமல், “ஆமா, அதை அப்பறம் பாத்துக்கலாம்” என்றார்.

கேள்வி நேரம் நடந்தது. கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று எதிர்க்கட்சி கேட்க, அரசு பரிசீலித்து வருகிறது என்று வேளாண்மை அமைச்சர் சொல்ல, கடைசி வரிசை மேசை தட்டியது. கடைமடையில் நிலம் வைத்திருந்தவர்களின் பிள்ளைகள்தான் அந்தப் பதிலுக்கு மேசை தட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு கேள்வி வாய் வரை வந்தது. “அமைதி, அமைதி” என்றேன். அதுதானே என் வசனம்.

அன்று பள்ளி விட்டபிறகு ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். அவருக்கு ஒரு யோசனை கிடைத்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“உன் நாற்காலிக்குப் பின்னாடி தேசியக் கொடியை வச்சிடறேன். நல்ல உயரமா. அவங்க உள்ள வந்து கொடிக்கு வணக்கம் வைப்பாங்க. பாக்கறவங்களுக்கு உனக்கு வச்ச மாதிரியும் இருக்கும். யாருக்கும் சங்கடம் இல்ல.”

“கொடிக்குக் காலையிலயே வணக்கம் வச்சாச்சு சார். இது சபாநாயகருக்கு.”

“நாற்காலிக்குத்தான் மரியாதைன்னு நீதானே சொன்ன? ஆளுக்கில்லன்னு?”

“நாற்காலிக்குத்தான் சார். அப்ப அவங்க நாற்காலியைப் பாத்து வைக்கட்டும். நான் ஆள்னு நெனைக்க வேணாம்.”

“வாய் ரொம்ப நீளம் உனக்கு.” குரல் தாழ்ந்தது. “இதோ பாரு. நான் ஒண்ணும் அப்படிப்பட்டவன் இல்ல. உன்னை அங்க உக்கார வச்சதே நான்தான். அதை மறந்துராத.”

மறக்கவில்லை. அவரை எனக்கு இன்னொரு விதத்திலும் நினைவிருக்கிறது. அதற்குச் சில வாரங்கள் முன்பு அடிப்படை உரிமைகள் பாடம் நடத்தினார். பதினாறாவது பிரிவுக்கு வந்ததும் வேலைவாய்ப்பில் இட ஒதுக்கீடு பற்றி அரை மணி நேரம் பேசினார், பேசினார் என்பதைவிடப் புலம்பினார் என்று சொல்லவேண்டும். பதினேழாவது பிரிவுக்கு வந்தார். “தீண்டாமை ஒழிப்பு. இதெல்லாம் அந்தக் காலத்துல இருந்துச்சு, இப்ப கெடையாது. அடுத்து பதினெட்டு, பட்டங்கள் ஒழிப்பு.” அவ்வளவுதான். ஒரு தேசத்தின் அத்தனை கேவலத்தையும் ஒரு மூச்சில் தாண்டிவிட்டு, ராவ்பகதூர் பட்டம் எப்படி ஒழிந்தது என்று சுவாரஸ்யமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று நான் கை தூக்கினேன். மணி அடித்துவிட்டது.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

“வேணாம்னு சொல்லிட்டு எறங்கிரு.”

“ஏன் எறங்கணும்?”

“பன்னெண்டாவதும் நீ அங்கதான் படிக்கணும். ஊசி போடப் போனா, இன்னும் அந்தத் தெருவுல ரெண்டு வூட்டுல வாசல்லயே புள்ளையத் தூக்கிட்டு வந்து காட்டறாங்க. நான் போட்டுட்டு வந்துகிட்டுதான் இருக்கேன். எல்லாத்துக்கும் நின்னுகிட்டிருந்தா வேலை நடக்காது.”

“நான் உக்காந்திருக்கேன். அவங்கதான் நிக்கணும்” என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

விழா அன்று விடியலிலிருந்து மழை. சம்பாப் பயிர் முழங்கால் தண்ணீரில் நின்றது. அரங்கத்துக்குள் ஈரக் குடைகளின் நாற்றம். முன்வரிசையில் தலைமை ஆசிரியை, ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் தலைமை விருந்தினராக, அவருக்குப் பக்கத்தில் பிரதமரின் சித்தப்பா. என் நாற்காலிக்குப் பின்னால், கொஞ்சம் இடப்பக்கமாக, கொடி நின்றது. ஆசிரியர் தன் யோசனையை விடவில்லை.

அவைக்காவலராக இருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் என் வருகையை அறிவித்தான். எல்லோரும் எழுந்தார்கள். நான் மூன்று பக்கமும் வணங்கிவிட்டு அமர்ந்தேன். அமைச்சரவை மட்டும் ஆசிரியரின் ஏற்பாட்டின்படி பிறகு நுழைந்தது, பார்ப்பதற்குக் கம்பீரமாக இருக்குமாம். முதலில் பிரதமர். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. வாசலில் நின்றான். கையைக் கூப்பினான். என் தலைக்கு மேலே, இடப்பக்கம், கொடியைப் பார்த்துக் குனிந்தான். அதைச் செய்யும்போது உடம்பையே கொஞ்சம் திருப்பிக்கொண்டான், தப்பித்தவறிக்கூட அந்த வணக்கத்தில் ஒரு துளி என்மேல் சிந்திவிடக்கூடாது என்பதுபோல.

பார்வையாளர்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. அவன் சித்தப்பாவுக்குத் தெரிந்தது. தலையை ஆட்டினார், சரி என்பதுபோல. அதைப் பார்த்திருக்காவிட்டால் நான் விட்டிருப்பேனோ என்னவோ.

மைக்கை இழுத்துக்கொண்டேன்.

“மாண்புமிகு பிரதமர் வாசலுக்குத் திரும்பிப் போகவேண்டும். அவைத்தலைவரை வணங்கிவிட்டு அவைக்குள் வரவேண்டும்.”

இது எழுதிக் கொடுத்ததில் இல்லாத வசனம். அவன் பாதி வழியில் நின்றான். திரையின் ஓரத்திலிருந்து ஆசிரியர், “மசோதாவுக்குப் போ, மசோதாவுக்குப் போ” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

“வணங்கிட்டேன்” என்றான் பிரதமர்.

“கொடியை வணங்கினீர்கள். அவைத்தலைவரை வணங்கவில்லை. திரும்பிச் செல்லவும்.”

“முடியாது.”

அரங்கத்தில் சிலர் கைதட்டினார்கள். நாடகம் விறுவிறுப்பாகப் போகிறது என்று நினைத்தார்கள் பாவம். தலைமை விருந்தினர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்போது சித்தப்பா எழுந்தார். “ஏய், என்ன விளையாட்டு இது? யாருகிட்ட பேசறேன்னு தெரியுதா?”

“பார்வையாளர் மாடத்தில் இருப்பவர்கள் பேசக்கூடாது. அமைதி காக்கவும்” என்றேன். குரல் நடுங்கியது. ஆனால் ஒலிபெருக்கி நல்ல ஒலிபெருக்கி. நடுக்கத்தையும் கம்பீரமாகவே கொண்டுபோனது.

கடைசி வரிசையில் ஒரு மேசை தட்டப்பட்டது. என் தோழி. பிறகு இன்னொன்று. பிறகு நிறைய. கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். இது நாடகம் இல்லை என்று அப்போதுதான் உறைத்திருக்கவேண்டும். ஆசிரியர் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டார். என்னை நோக்கி வருகிறார் என்று தெரிந்ததும் எழுந்து நின்றேன்.

“அவை ஒத்திவைக்கப்படுகிறது.”

சபாநாயகர் எழுந்தால் எல்லோரும் எழவேண்டும். கடைசி வரிசை முழுக்க எழுந்தது. நான் மேடையை விட்டு இறங்கி, பக்கவாட்டு வாசல் வழியாக மழைச்சாரல் அடிக்கும் தாழ்வாரத்துக்கு வந்தேன். எனக்கு அப்போது ஒரே மகிழ்ச்சி. இதற்குமேல் அவர்களால் ஒன்றும் செய்யமுடியாது, விதி என் பக்கம் இருக்கிறது என்று நினைத்தேன். சபாநாயகர் ஒத்திவைத்த அவையைச் சபாநாயகர்தான் கூட்டமுடியும். அந்த அளவுக்குப் படித்திருந்தேன்.

அவர்கள் செய்தார்கள். அதிக நேரம்கூட ஆகவில்லை. தலைமை ஆசிரியை ஒலிபெருக்கியில், மாணவிக்கு மேடைப் பயம், தலை சுற்றிவிட்டது, பொறுத்துக்கொள்ளவும் என்றார். நிதி அமைச்சரைச் சபாநாயகர் ஆக்கினார்கள். வேறு பையன் நிதி அமைச்சரானான். கொடியை எடுத்து, எப்போதும் இருக்கும் ஓரத்தில் வைத்தார்கள். அதற்கு இனி வேலை இல்லை.

ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். பிரதமர் மறுபடி வாசலில் வந்து நின்றான். நாற்காலியைப் பார்த்தான். குனிந்தான். நன்றாக, இடுப்பிலிருந்து, துண்டு முன்னால் சரிந்து விழும் அளவுக்கு. வேளாண்மை அமைச்சர் குனிந்தான். ஒவ்வொருவனாக வந்து, நின்று, குனிந்துவிட்டுப் போனான். நான் நேரலையில் பார்த்ததைப்போல அவ்வளவு அழகாக இருந்தது. ஒத்திகையே தேவைப்படவில்லை. ஆசிரியர் திரையோரம் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தலைமை விருந்தினர் பேசும்போது, அவை மரபுகளைக்கூட இந்தப் பிள்ளைகள் எவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்று பாராட்டினார்.

மறுநாள் தலைமை ஆசிரியை அறையில், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள்.

“எதுக்கு டீச்சர்?”

“எதுக்கா? பெரியவங்களை எதுத்துப் பேசினதுக்கு.”

“நான் சபாநாயகரா பேசினேன். அவையில பேசினதுக்கு வெளிய நடவடிக்கை எடுக்க முடியாது.”

“நாடகம்மா அது! நாடகம்!” என்று கத்தினார் ஆசிரியர்.

“நாடகம்னா அவன் ஏன் சார் வணங்கல?”

மன்னிப்பு என்னிடம் இல்லை. அம்மாவை வரச்சொன்னார்கள். அம்மா சீருடையோடு வந்தாள். அவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டாள். “என் பொண்ணுக்குத் தலை சுத்தல்னு மைக்குல சொன்னீங்களாமே, எந்த டாக்டர் பாத்தாரு?” என்றாள். வெளியே வந்ததும் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

ஆசிரியர் என்னைத் தண்டிக்கவில்லை. அதைவிட மோசமான ஒன்றைக் கண்டுபிடித்தார். வகுப்பில் என்னைக் காணாமல் இருப்பது. நான் கை தூக்குவேன். அவர் பார்வை என் தலைக்கு மேலே போய், பின்னால் எவனையாவது எழுப்பும். பிரதமர் கொடியைப் பார்த்த அதே உயரம். நாடாளுமன்ற நடைமுறை பற்றிய பாடம் வந்தபோது, சபாநாயகரின் அதிகாரங்கள் என்ன என்று கேட்டார். தூக்கியிருந்தது என் கை மட்டும்தான். “யாருக்கும் தெரியலையா? சரி, நானே சொல்றேன்” என்றார்.

இப்போது தஞ்சாவூரில் கல்லூரியில் படிக்கிறேன். இதைச் சொன்னால் தோழிகள் கேட்கிறார்கள், ஒரு சின்ன வணக்கம், அதற்குப் போயா என்று. சின்ன விஷயம் என்றால் அவனுக்கும் சின்ன விஷயம்தானே? அவன் ஏன் வைக்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை. விட்டுக்கொடுக்கும் வேலை எப்போதும் எங்களுக்கே வந்து சேர்கிறது. குடிமையியல் என்று ஒரு பாடத்தை எழுதி எழுதி நூற்றுக்கு நூறு வாங்கினேன். அந்தப் பாடத்தில் எனக்குத் தெரிந்தது எல்லாம் அந்த ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று படித்தது.

விழா முடிந்த அடுத்த வாரம், தனி வகுப்பு முடிந்து பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். மழைக்குப் பயந்து டீக்கடையைச் சாத்திவிட்டிருந்தார்கள். நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. பிரதமர் வந்தான். கொஞ்ச நேரம் தள்ளி நின்றான். பிறகு கிட்டே வந்தான்.

“ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.”

“அன்னைக்கு சித்தப்பா முன்னாடியே உக்காந்திருந்தாரு. அதான். எனக்கு அதெல்லாம் ஒண்ணும் கெடையாது.”

“எனக்கு இருக்கு.”

சாலையை இரண்டு பக்கமும் பார்த்தான். பைக்கில் வந்த ஒருவர் கடந்து போகும்வரை காத்திருந்தான். பிறகு பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, நெஞ்சுக்கு நேரே இரண்டு கைகளையும் சேர்த்தான். தலையும் லேசாகக் குனிந்தது.

“போதுமா?”

“யாருமே இல்லாத எடத்துலயா?”

“அதான் இப்ப வச்சேன்ல. வேற என்ன வேணும்?”

“கையை எறக்கு. நாளைக்குக் காலையில கூட்டத்துல, எல்லாரும் வரிசையா நிக்கும்போது வை.”

கையை இறக்கினான். முகம் ஒத்திகையில் சுருங்கியதைவிட அதிகமாகச் சுருங்கியது. “உங்களுக்கெல்லாம் எவ்வளவு எறங்கி வந்தாலும் பத்தாதுடி” என்றான்.

“பத்தாது” என்றேன்.